அல்லாஹ்வின் ஸிஃபத்துகள்: அறிஞர்களின் கருத்து வேறுபாடும் ஜமாஅத்தின் ஒற்றுமையும்

(பேசின் பிரிட்ஜ் பள்ளிவாசலில், ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி இஷாத் தொழுகைக்குப் பின் நடைபெற்ற மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆண்டுக் கூட்டத்தில் வழக்கமாக ஸகாத், பிள்ளைகளின் கல்வி, வரவு செலவில் நேர்மை ஆகியவை பற்றியே பேசச் சொல்வார்கள். இவ்வாண்டு, அல்லாஹ்வின் ஸிஃபத்துகள், அதாவது இறைவனின் பண்புகள் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் பணித்துள்ளனர். காரணம் நீங்கள் அறிந்ததே. அல்லாஹ் எங்கே இருக்கிறான்? அவனுக்கு உருவம் உண்டா? திருமறையில் வரும் கை என்ற சொல்லுக்குக் கை என்றே பொருளா, அல்லது ஆற்றல் என்று பொருளா? இக்கேள்விகளை நம் இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்பது குற்றமன்று. ஆயினும் இவற்றின் பின்னால் நான்காவதாக ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இதற்கு வேறு விடை சொல்பவரின் பின்னால் நின்று தொழலாமா? முதல் மூன்றும் கல்வி தொடர்பானவை. நான்காவது, ஜமாஅத்தின் உயிர் தொடர்பானது. ஆகவே மூன்றையும் சற்று விளக்கிவிட்டு நான்காவதற்கு வருகிறேன்.

ஒரே வசனத்தின் இரு பகுதிகள்

அஷ்ஷூரா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் இவ்விவாதம் முழுவதற்கும் அடிப்படை. அவ்வசனம் முதலில், அவனுக்கு ஒப்பான எதுவும் இல்லை என்று அறிவிக்கிறது. அதே மூச்சில், அவன் செவியேற்பவன், பார்ப்பவன் என்றும் அறிவிக்கிறது. முதற்பகுதி படைப்பின் சாயல் அனைத்தையும் அவனிடமிருந்து அகற்றுகிறது. இதனை அறிஞர்கள் தன்ஸீஹ் என்பர். இரண்டாம் பகுதி அவனுக்குரிய பண்புகளை உறுதி செய்கிறது. இதனை இஸ்பாத் என்பர். கேட்கிறான், பார்க்கிறான் என்று சொன்னவுடன் மனித மனம் காதையும் கண்ணையும் கற்பனை செய்கிறது. அக்கற்பனைக்கு அஞ்சிப் பண்பையே மறுத்தால், பிரார்த்தனையைக் கேட்பவன் யார் என்ற வினா எழுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றிப்பிடிப்பது எப்படி என்பதே ஆயிரத்து முந்நூறு ஆண்டு விவாதத்தின் சாரம்.

சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகள் நம் பேசின் பிரிட்ஜ் வரை ஒரே திசையில் வருகின்றன. இங்கிருந்துதான் ஒரு தடம் அரக்கோணம் நோக்கி மேற்கேயும், மற்றொரு தடம் கும்மிடிப்பூண்டி நோக்கி வடக்கேயும் பிரிகிறது. இந்த விவாதத்தில் பங்கெடுத்த அறிஞர்களும் அந்த ஒரு வசனத்திலிருந்தே புறப்பட்டனர். எங்கே பிரிந்தனர் என்று அறிந்தால், எதுவரை ஒன்றாக வந்தனர் என்பதும் விளங்கும்.

பஸராவிலும் பக்தாதிலும்

ஹிஜ்ரி 128இல் கொல்லப்பட்ட ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் என்பவர், படைப்புகளுக்குச் சொல்லப்படும் பண்புகளை இறைவனுக்குச் சொல்லலாகாது எனக் கூறியவராக அறியப்படுகிறார். ஹிஜ்ரி 131இல் மறைந்த வாஸில் இப்னு அதாவை முன்னோடியாகக் கொண்டு பஸராவில் முஃதஸிலாக்கள் தோன்றினர். அல்லாஹ் ஒருவனே ஆதியற்றவன். அவனுடைய அறிவு, ஆற்றல் ஆகியவற்றையும் தனித்தனியே ஆதியற்றவை என்றால் ஆதியற்றவை பல ஆகிவிடுமே, ஏகத்துவம் என்னாவது என்பது அவர்களின் வாதம். எனவே அவன் தன் தாத்தைக் கொண்டே, அதாவது தன் உள்ளமையைக் கொண்டே அறிகிறான் என்றனர். தம்மை நீதியையும் தவ்ஹீதையும் உடையோர் என்றே அவர்கள் அழைத்துக்கொண்டனர். தவறான முடிவுக்கு வந்தாலும், தவ்ஹீதைக் காக்கும் எண்ணத்தோடுதான் வந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுமுனையில், இறைவனுக்கு உடலும் உறுப்பும் எல்லையும் இருப்பது போலப் பேசியோரும் தோன்றினர். ஹிஜ்ரி 255இல் மறைந்த முஹம்மத் இப்னு கர்ராமைப் பின்பற்றிய கர்ராமிய்யாக்கள் இவ்வகையினர் எனக் குறிக்கப்படுகின்றனர். இதனைத் தஷ்பீஹ், தஜ்ஸீம் என்று நம் முன்னோர் கண்டித்தனர்.

அல்லாஹ்வின் பண்புகளில் ஒன்று கலாம், அதாவது பேச்சு. குர்ஆன் அவனுடைய பேச்சு. அது படைக்கப்பட்டதா, இல்லையா என்ற வினா பண்புகள் பற்றிய இந்த விவாதத்தின் ஒரு கிளையே. கி.பி. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளுமாறு காஜிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் விசாரணைக்கு உட்படுத்தினார். வரலாற்றில் இது மிஹ்னா, சோதனை எனப்படுகிறது. மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மஃமூனுக்குப் பின் வந்த முஃதஸிமின் காலத்தில் சவுக்கடி பட்டார்கள். கலீஃபா முதவக்கில் ஆட்சியில்தான் இச்சோதனை முடிவுக்கு வந்தது. அறிவின் பெயரால் பேசியோர் அரசின் சவுக்கைக் கையிலெடுத்ததும், அவர்களின் வாதம் மக்கள் உள்ளத்தில் மதிப்பிழந்தது.

இதில் ஒரு சார்பாரை மட்டும் குறைகூற இயலாது. மாபெரும் விரிவுரையாளர் இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் கி.பி. 923இல் பக்தாதில் மறைந்தபோது, ஹன்பலிகளில் ஒரு கூட்டத்தாரின் பகை காரணமாகப் பகலில் அடக்க இயலாமல், இரவில் தம் இல்லத்திலேயே அடக்கப்பட்டார்கள் எனச் சில வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பெருங்கூட்டம் ஜனாஸாவில் கலந்துகொண்டது என எழுதியோரும் உண்டு. எது சரியாயினும், நேற்று அடிபட்டவர் நாளை அடிப்பவராகக் கூடும் என்ற அச்சம் அக்காலத்திலேயே இருந்தது என்பது தெளிவு.

நடுவழி கண்ட இமாம்கள்

இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ (ரஹ்) அவர்கள், முஃதஸிலா அறிஞர் ஜுப்பாயியின் மாணவராக வளர்ந்து, ஏறத்தாழ நாற்பதாம் வயதில் அக்கொள்கையிலிருந்து விலகியவர்கள். ஹிஜ்ரி 324இல் மறைந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஸமர்கந்தில் இமாம் அபூ மன்ஸூர் அல் மாதுரீதீ (ரஹ்) அவர்கள் வாழ்ந்து ஹிஜ்ரி 333இல் மறைந்தார்கள். இவ்விருவர் வழியும் பண்புகளை உறுதி செய்தது. பண்பு, உள்ளமையே என்றும் சொல்ல வேண்டாம். அதிலிருந்து பிரிந்து நிற்கும் வேறொன்று என்றும் சொல்ல வேண்டாம் என விளக்கியது. பிரிந்து நிற்காத ஒன்றை இரண்டு என எண்ண முடியாது. ஆகவே முஃதஸிலாக்கள் அஞ்சிய பன்மை இங்கு எழவில்லை.

இனி கை, முகம், அர்ஷின் மீது இஸ்தவா ஆகிய சொற்கள். இவற்றில் மூன்று அணுகுமுறைகளை அறிஞர்களிடம் காண்கிறோம். முதலாவது தஃப்வீள்: சொல்லை நம்பி, அதன் பொருளை அல்லாஹ்விடம் ஒப்படைத்தல். இரண்டாவது தஃவீல்: அரபு மொழி வழக்கு இடம் தரும் அளவில் ஆற்றல், அருள், ஆட்சி என விளக்குதல். மூன்றாவது, ஹிஜ்ரி 728இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் வலியுறுத்தியது: சொல்லின் பொருள் அறியப்பட்டதே, ஆனால் அது அவனுடைய மகத்துவத்திற்கு ஏற்றவாறு உள்ளது, எவ்வாறு என்பதை நாம் அறியோம். முதல் இரண்டையும் அஷ்அரீ, மாதுரீதீ அறிஞர்கள் ஏற்றனர். மூன்றாவதை ஸலஃபு வழி என்போர் இன்று பின்பற்றுகின்றனர். இஸ்தவா பற்றி ஒருவர் வினவியபோது, அது அறியப்பட்டதே, எவ்வாறு என்பது அறிவுக்கு எட்டாதது, நம்புவது கடமை, துருவிக் கேட்பது பித்அத் என்ற கருத்தில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் விடையளித்ததாக வரும் செய்தியை இம்மூன்று சாராருமே தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். மூவருமே, படைப்புக்கு ஒப்பான கை என்று எவரேனும் சொன்னால் அதனை மறுக்கின்றனர். அவர்களின் வேறுபாடு அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

தமிழகத்தில் ஸிஃபத்துப் பாடம்

இது அரபு நாட்டு வழக்கு, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் அஷ்அரீ வழி வேரூன்றியது. ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டு ஊர்களிலும், வேலூர் அல்பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபுக் கல்லூரிகளிலும் மாதுரீதீ வழி நிலைத்தது. இமாம் நஸஃபீயின் அகீதா நூலுக்குத் தஃப்தாஸானீ (ரஹ்) எழுதிய விரிவுரையை ஓதாமல் மௌலவி பட்டம் பெற்றோர் நம் நாட்டில் அரிது. கீழக்கரையில் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள், அரபுத்தமிழில் நூல்களை எழுதி, அரபு அறியாத ஆண்களுக்கும் பெண்களுக்கும் மார்க்க அறிவைக் கொண்டு சேர்த்தார்கள்.

இன்றைய அல்ஜீரியாவிலுள்ள திலிம்ஸானில் 1490இல் மறைந்த இமாம் ஸனூஸீ (ரஹ்) அவர்களின் சிறு நூலிலிருந்து பரவிய இருபது ஸிஃபத்துகள் என்னும் பாடம், மலாய் நாடுகளில் பிள்ளைகளின் முதற்பாடமாயிற்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் முன்னோருக்கு அது புதிதாக இருந்திராது. அந்த இருபதின் அமைப்பு எளிது. உள்ளமை ஒன்று. அவனுக்கு ஆகாதவற்றை அகற்றும் பண்புகள் ஐந்து: ஆதியின்மை, அந்தமின்மை, படைப்புக்கு மாறுபட்டிருத்தல், பிறர் தேவையற்றிருத்தல், ஏகமாயிருத்தல். பிறகு ஆற்றல், நாட்டம், அறிவு, உயிர், கேள்வி, பார்வை, பேச்சு ஆகிய ஏழு. அந்த ஏழையும் உடையவனாயிருத்தல் என மற்றும் ஓர் ஏழு. ஆக இருபது.

இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அஷ்அரீகள் உள்ளமையோடு நிலைபெற்ற பண்புகள் ஏழு என்கின்றனர். மாதுரீதீகள் தக்வீன், அதாவது படைத்து உருவாக்குதல் என்பதையும் சேர்த்து எட்டு என்கின்றனர். அது ஆதியற்ற தனிப்பண்பா, ஆற்றலின் செயல்பாடா என்பதில் இரு சாராரும் நூற்றாண்டுகளாக நூல்கள் எழுதியுள்ளனர். ஆயினும் சென்னையில் ஷாஃபிஈயும் ஹனஃபீயும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதே வருகின்றனர். எட்டு என்பவர் முன்னின்றார் என்பதற்காக ஏழு என்பவர் தொழுகையைத் திருப்பித் தொழவில்லை. கொள்கை நூலில் வேறுபாட்டை வைத்துக்கொண்டே பள்ளியில் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு வெளியூர்ச் சான்று நமக்குத் தேவையில்லை.

சொல்லால் வந்த சிக்கல்

1980களுக்குப் பின் தமிழகத்தில் இவ்விவாதம் மதரஸாவின் சுவர்களைத் தாண்டி மேடைக்கு வந்தது. அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா என்பது நேருக்கு நேர் விவாதங்களின் தலைப்பாயிற்று. ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் அது வீடுதோறும் சென்றது. இன்று கைப்பேசியில் செல்கிறது.

இதில் தமிழ்ச் சொல் ஒன்று செய்த வேலையை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். நம் பாட்டனார் உருவமற்றவன் என்று சொன்னது, சிலையாகவோ படமாகவோ அவனை எண்ணக்கூடாது என்ற பொருளில். தமிழில் உருவம் என்ற சொல்லுக்கு வடிக்கப்பட்ட வடிவம் என்ற சாயல் உண்டு. ஹதீஸில் வரும் ஸூரத் என்ற அரபுச் சொல்லுக்கும் உருவம் என்றே மொழிபெயர்த்தனர். உடனே ஒரு சாரார், உருவமே இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்றாகுமே, மறுமையில் அவனைக் காண்போம் என்பது என்னாவது என்றனர். மற்றொரு சாரார், உருவம் உண்டென்றால் எல்லையும் அளவும் உண்டாகுமே, சிலை வணக்கத்திற்கு வழி திறக்குமே என்றனர். முன்னவர் மறுத்தது இன்மையை. பின்னவர் மறுத்தது ஒப்புமையை. இருவரும் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்கிக்கொண்டு ஒருவரையொருவர் வழிகேடர் என்றனர்.

இஸ்தவாவும் அவ்வாறே. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அமைந்தான், உயர்ந்தான், அமர்ந்தான் எனப் பலவாறு காண்கிறோம். அமைந்தான் என்பதற்கும் அமர்ந்தான் என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு எழுத்தளவில் மிகச் சிறிது. பொருளளவில், ஒன்று எந்தத் தோற்றத்தையும் மனத்தில் எழுப்புவதில்லை. மற்றொன்று இருக்கையையும் உடலையும் நினைவூட்டிவிடுகிறது. மொழிபெயர்த்தவர் எவரும் ஒப்புமையை நாடி எழுதவில்லை. ஆனால் தமிழை மட்டும் படித்து அகீதாவைத் தீர்மானிப்பவர், மொழிபெயர்ப்பாளரின் சொல்லை அல்லாஹ்வின் சொல்லாக எடுத்துக்கொள்கிறார். மூலச்சொல்லை அறிந்த ஆசிரியரிடம் அமர்ந்து கேட்க வேண்டும் என நம் பெரியோர் சொன்னது இதனால்தான்.

கப்று வரை சென்ற வழக்கு

இத்தகைய விவாதம் எல்லை மீறினால் எங்கே சென்று முடியும் என்பதற்கு, நம் மொழி பேசும் ஊரிலேயே சான்று உள்ளது. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி. அங்கே எழுந்த பூசல், படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள தொடர்பு பற்றியது. உள்ளமை ஒன்றே என்னும் வஹ்தத்துல் வுஜூத் கொள்கையைப் போதித்தோர் மீது மார்க்கத்தை விட்டு வெளியேறியோர் என்ற தீர்ப்பு 1979இல் வழங்கப்பட்டது. பகை தலைமுறை கடந்தது. 2006 டிசம்பரில் அக்கொள்கையுடைய ஆசிரியர் ஒருவர் மறைந்து அங்கே அடக்கப்பட்டபோது ஊரில் கலவரம் மூண்டது. வீடுகள் தாக்கப்பட்டன. அடக்கிய உடல் தோண்டி எடுக்கப்பட்டது. 2017 மார்ச்சில் அதே ஊரில் ஸூஃபி வழியினரோடு மோதிய ஒரு கும்பலின் தலைவனே, 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளுக்குத் தலைமை தாங்கினான். அந்தக் கொள்கை சரியா, தவறா என்பதற்கு ஆலிம்கள் பதில் சொல்லட்டும். மாற்றுக் கருத்துடையவர் மனிதரே அல்லர் என்று பழகிய மனம், முதலில் தன் ஊராரின் கப்ரைத் தோண்டியது. பின்னர் பிறர் தொழும் இடத்தைத் தகர்த்தது. இந்த வரிசையை எந்த ஜமாஅத்தும் மறக்கலாகாது.

நம் மாநிலத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொள்கை வேறுபாட்டைக் காட்டி நிக்காஹ் தஃப்தரை மறுத்த ஊர்களும், மையவாடியில் இடம் மறுத்த ஊர்களும் உண்டு. இமாமின் அகீதா சரியில்லை எனக் கூறி, ஜமாஅத் நடக்கும்போதே தனியாகத் தொழுது சென்றோரும் உண்டு. இரு தரப்பிலும் நடந்தவை இவை.

இரு இமாம்களின் இறுதிச் சொல்

இனி அந்த நான்காவது கேள்விக்கு வருகிறேன். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், ஒருவரைக் காஃபிர் எனக் கூறுவதற்கான அளவுகோலை விளக்கவே ஃபைஸலுத் தஃப்ரிகா என்னும் நூலை எழுதினார்கள். நபி (ஸல்) அவர்களைப் பொய்ப்படுத்துவதே குஃப்ர். அவர்கள் சொன்னது உண்மை என ஏற்று, அதன் பொருளை விளங்குவதில் மாறுபடுபவர் அவ்வகையில் சேரார் என்பதே அதன் சாரம். கை என்பதை ஆற்றல் என்பவரும், எவ்வாறு எனக் கேளாமல் நம்புபவரும் அந்த வசனம் அல்லாஹ்விடமிருந்து வந்தது என்பதை ஏற்றே பேசுகின்றனர்.

இதனினும் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. இமாம் அஷ்அரீ (ரஹ்) அவர்கள் பக்தாதில் மரணத் தறுவாயில் இருந்தபோது தம் தோழரை அழைத்து, கிப்லாவை முன்னோக்கும் எவரையும் தாம் காஃபிர் எனக் கூறவில்லை என்பதற்குச் சாட்சியாக இருக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே இறைவனையே சுட்டுகின்றனர், வேறுபாடு சொல்லும் முறையில்தான் என விளக்கினார்கள் என அறிவிக்கப்பட்டுள்ளது. இதனைத் தம் நூலில் பதிவு செய்த இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள், தம் ஆசிரியர் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் இறுதி நாட்களில் இந்தச் சமுதாயத்தில் எவரையும் காஃபிராக்குவதில்லை எனக் கூறிவந்ததை அதனோடு சேர்த்து எழுதியுள்ளார்கள். ஒரு தரப்பார் அஷ்அரீயின் பெயரால் வாதாடுகின்றனர். மறுதரப்பார் இப்னு தைமிய்யாவின் பெயரால் வாதாடுகின்றனர். அவ்விரு இமாம்களும் வாழ்நாள் முழுவதும் அஞ்சாமல் வாதாடிவிட்டு, முடிவில் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. பின்பற்றுவதாயின் அவர்களின் வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த முடிவை விட்டுவிடுவது எவ்வகையில் நியாயம்?

நமது ஜமாஅத்தின் கடமை

ஆகவே நிர்வாகத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, ஸஃப்பு, நிக்காஹ், ஜனாஸா ஆகிய மூன்றும் ஸிஃபத்து விவாதத்திற்கு அப்பாற்பட்டவை எனத் தீர்மானம் எழுதி, தஃப்தரிலேயே பதிவு செய்ய வேண்டும். கலிமாவை மொழிந்து கிப்லாவை முன்னோக்குபவரின் கஃபனுக்கும் கப்ருக்கும் கொள்கை விசாரணை கூடாது.

இரண்டாவதாக, அகீதா பற்றிய கேள்விகளை ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று உரத்துப் பேசித் தீர்க்காமல், வாரத்தில் ஓரிரவு மஃரிபுக்குப் பின் ஆலிமின் பாடமாக வைக்க வேண்டும். இரவுப் பணிக்குச் செல்லும் சகோதரர்களுக்காக ஞாயிறு காலையிலும் அதனைத் திருப்பி நடத்தலாம். எந்த இளைஞரின் கேள்வியும் அங்கே ஏளனம் செய்யப்படக்கூடாது. கேள்வியை அடக்கிய ஊரில்தான் இளைஞர்கள் வேறு வாசலைத் தேடிச் செல்கின்றனர்.

மூன்றாவதாக, மக்தபில் பிள்ளைகளுக்கு அல்லாஹ்வின் பண்புகளை மனனமாக மட்டும் அன்றி, தமிழில் பொருளோடும், நம் நடத்தையோடு பொருத்தியும் கற்பிக்க வேண்டும். அல்லாஹ்வின் திருநாமங்கள் ஒவ்வொன்றிலும் அடியானுக்கு ஒரு பங்கு உண்டு என இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதியுள்ளார்கள். அவன் பார்ப்பவன் என அறிந்தவன் எடைக்கல்லில் கை வைக்க மாட்டான். அவன் செவியேற்பவன் என அறிந்தவன் புறம் பேச நாவெடுக்க மாட்டான். பார்வை தனிப்பண்பா, அறிவோடு சேர்ந்ததா என விவாதித்துவிட்டு, அவன் பார்க்கவில்லை என்பது போல் வணிகம் செய்தால், அந்த விவாதத்தில் நாம் எத்தரப்பில் இருந்தும் பயனில்லை.

வல்ல அல்லாஹ், தன்னை அறியும் அறிவையும், அறிந்தபடி நடக்கும் நல்லியல்பையும், நம் ஜமாஅத்தில் உள்ளங்களின் ஒற்றுமையையும் நமக்குத் தந்தருள்வானாக! இப்பள்ளிக்காக உழைத்து மறைந்த பெரியோர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.